வெண்கோலும் மின்தொடர் வண்டியும்
சென்னை ஆளுநர் சர் ஜார்ஜ் ஸ்டான்லியின் வாழ்வும் அவர் பெயரும்

நிலத்தின் பள்ளங்களில் நீரைத் தேக்கி வைத்தவர்களே இவ்வுலகில் தம் பெயரைத் தேக்கி வைத்தவர்கள் என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுரை கூறினார் சங்கப் புலவர் குடபுலவியனார். புறநானூற்றின் பதினெட்டாம் பாட்டில் அமைந்த இக்கருத்து, தமிழகத்தில் ஏரியும் குளமும் அமைத்த மன்னர்களை மதிப்பிடும் அளவுகோலாகவே நிலைத்துவிட்டது. அந்த அளவுகோலின்படி, இருபதாம் நூற்றாண்டில் தமிழ் நிலத்தில் நிலைத்த பெயர்களுள் ஒன்று ஓர் ஆங்கிலப் பிரபுவின் மகனுடைய பெயராகும். மேட்டூர் அணையின் பின்னே கடல்போல் விரிந்து கிடக்கும் நீர்த்தேக்கத்துக்கு ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர். வடசென்னை மக்களின் உயிர்காக்கும் மருத்துவமனைக்கும் ஸ்டான்லி என்றே பெயர். தென்சென்னைப் புறநகர்களுக்கு வாழ்வளித்த கடற்கரை - தாம்பரம் மின்தொடர் வண்டியைத் தொடங்கி வைத்தவரும் அவரே. அதற்கு மட்டும் அவர் பெயர் இல்லை.

யார் இந்த ஸ்டான்லி? இவர் உண்மையிலேயே நீரைத் தேக்கியவரா? பெயர் நிலைத்தது எதனால்? இவ்வினாக்களுக்கு விடை காண, முதலில் அவர் பிறந்த குடியின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

மணிமுடி சூட்டிய குடும்பம்

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் வேரூன்றிய பழங்குடிகளுள் ஸ்டான்லி குடும்பமும் ஒன்று. 1485ஆம் ஆண்டு பாஸ்வொர்த் களத்தில் மூன்றாம் ரிச்சர்டு மன்னன் வீழ்ந்தபோது, போரின் போக்கைக் கவனித்துக் காத்திருந்த ஸ்டான்லிகள் இறுதியில் ஹென்றி டியூடரின் பக்கம் சாய்ந்தனர். களத்தில் கிடைத்த மணிமுடியைத் தாமஸ் ஸ்டான்லியே எடுத்து ஹென்றியின் தலையில் வைத்தார் என்பது வழிவழி வரும் செய்தி. அவ்வாண்டே அவர் டெர்பிப் பிரபு ஆனார். அவருடைய தம்பி வில்லியம் ஸ்டான்லியோ பத்தாண்டுகளுக்குப் பின் அதே மன்னனால் அரசத் துரோகக் குற்றத்துக்காகத் தலை கொய்யப்பட்டார். மன்னரைச் சேர்ந்தொழுகல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், அரசரிடம் குளிர்காய்வார்போல் நெருங்காமலும் விலகாமலும் பழக வேண்டும் என்று எச்சரிக்கிறார். அவ்வெச்சரிக்கையின் இரு பக்கங்களையும் இவ்விரு உடன்பிறந்தார் வாழ்வில் காணலாம். எஞ்சிய குடும்பம் அப்பாடத்தை நன்கு கற்றுக்கொண்டது. அரசுகள் மாறின, அரச மரபுகள் மாறின, டெர்பிப் பிரபுக்கள் மாறாமல் நின்றனர்.

தம் பெயரைப் பொருள்கள்மீது பதித்துச் செல்வதும் இக்குடும்பத்துக்குக் கைவந்த கலை. பன்னிரண்டாம் டெர்பிப் பிரபுவின் பெயரால் 1780ஆம் ஆண்டு தொடங்கிய குதிரைப் பந்தயத்தின் பெயரே பின்னர் உலகெங்கும் பந்தயத் திடல்களில் வழங்கும் ‘டெர்பி’ என்னும் சொல்லாயிற்று. பதினான்காம் டெர்பிப் பிரபு மும்முறை பிரிட்டனின் பிரதமராக இருந்தவர். அவர் பெயரால் பாக்லாந்துத் தீவுகளில் ஒரு நகரும், ஹாங்காங்கில் ஒரு கடற்கரை ஊரும் ஸ்டான்லி எனப்பட்டன. அவருடைய இளைய மகன் பிரடெரிக், பதினாறாம் டெர்பிப் பிரபு, கனடாவின் தலைமை ஆளுநராக இருந்தபோது 1892ஆம் ஆண்டில் அளித்த வெள்ளிக் கோப்பையே பனிக்கட்டி ஹாக்கி விளையாட்டின் தலையாய பரிசாகிய ஸ்டான்லி கோப்பை. வான்கூவர் நகரின் பெரும்பூங்காவும் அவர் பெயரையே தாங்குகிறது.

இக்குடும்பத்துக்கும் இந்தியாவுக்கும் உள்ள தொடர்பு இன்னும் ஆழமானது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியை ஒழித்து, இந்தியாவை நேரடியாக விக்டோரியா அரசியின் ஆட்சிக்குக் கீழ்க் கொணர்ந்த 1858ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறியபோது பிரதமராக இருந்தவர் பதினான்காம் டெர்பிப் பிரபு. அச்சட்டத்தின்படி இந்தியா மந்திரியாக முதன்முதலில் அமர்ந்தவர் அவருடைய மூத்த மகன். அதாவது, இந்தியா அரசியின் உடைமையான நாளில் ஆவணங்களைக் கையாண்டவர்கள் ஜார்ஜ் ஸ்டான்லியின் பாட்டனாரும் பெரியப்பாவும் ஆவர். எழுபத்தோர் ஆண்டுகள் கழித்து அதே குடும்பத்துப் பேரன் சென்னைக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்.

அரண்மனையும் அவையும்

ஜார்ஜ் பிரடெரிக் ஸ்டான்லி 1872ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள், பிரடெரிக்கின் புதல்வர்களுள் ஒருவராகப் பிறந்தார். பிரபு குடும்பங்களில் பட்டமும் பண்ணையும் மூத்த மகனுக்கே உரியன. இளையவர்கள் படையிலோ, அரசுப் பணியிலோ, திருச்சபையிலோ தம் வழியைத் தேடிக்கொள்ள வேண்டும். ஜார்ஜ் படையைத் தேர்ந்தார். உல்விச் படைக்கல்லூரியில் பயின்று 1893ஆம் ஆண்டில் பீரங்கிப் படையில் அதிகாரி ஆனார். தென்னாப்பிரிக்கப் போரிலும், பின்னர் முதல் உலகப் போரிலும் பணியாற்றி விருதுகள் பெற்றார். 1903ஆம் ஆண்டில் ஹெட்போர்ட் பிரபுவின் மகளாகிய பியாட்ரிக்ஸ் சீமாட்டியை மணந்தார்.

1910ஆம் ஆண்டு சனவரியில் நடந்த தேர்தலில் லங்காஷயரின் பிரஸ்டன் தொகுதியிலிருந்து கன்சர்வேட்டிவ் கட்சியின் சார்பில் காமன்ஸ் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரஸ்டன் பருத்தி ஆலைகளின் நகரம். நூற்பு எந்திரத்தால் உலகை மாற்றிய ஆர்க்ரைட் பிறந்த ஊர். அவ்வாலைகளில் நெய்த துணி இந்தியக் கடைத்தெருக்களை நிரப்பிய வரலாற்றைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இத்தொகுதியின் உறுப்பினராக ஸ்டான்லி பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பின்னால் நிகழ்ந்தவற்றுக்கு அது ஒரு திறவுகோல்.

1919ஆம் ஆண்டில் அவர் அரண்மனைக் கண்காணிப்பாளர் என்னும் பதவியை ஏற்றார். பெயரைக் கேட்டால் அரண்மனையின் வரவு செலவைப் பார்க்கும் அலுவல் என்று தோன்றும். உண்மையில் அது இரண்டு உலகங்களுக்கு இடையே நிற்கும் பதவி. அரச விழாக்களில் வெண்ணிறக் கோல் ஏந்தி மன்னரின் பரிவாரத்தில் நிற்பவர், மறுநாள் காமன்ஸ் சபையில் அரசுக் கட்சியின் கொறடாக்களுள் ஒருவராக உறுப்பினர்களை வாக்களிப்புக்குத் திரட்டுவார். மன்னரின் பெயரால் மந்திரிகள் ஆளும் பிரிட்டிஷ் முறையின் சுருக்கமே அவ்வெண்கோல் எனலாம். ஆளுவது வேறொருவர், சடங்கில் முன்னிற்பது கோலேந்தியவர். இரண்டாண்டுகள் இப்பணியில் இருந்தார் ஸ்டான்லி. சடங்கின் மதிப்பையும் கட்டுப்பாட்டின் வலிமையையும் ஒருங்கே கற்பித்த பள்ளிக்கூடம் அது.

அதன்பின் போர்த்துறையிலும் உள்துறையிலும் இளநிலை மந்திரிப் பதவிகள் வந்தன. 1922ஆம் ஆண்டுத் தேர்தலில் பிரஸ்டன் அவரைக் கைவிட்டது. சபையில் இடமில்லாத மந்திரியாக இருந்த அவர், 1923ஆம் ஆண்டு மார்ச்சில் லண்டன் அருகிலுள்ள கிழக்கு வில்ஸ்டன் தொகுதியின் இடைத்தேர்தலில் நின்று அங்கும் தோற்றார், பதவியையும் இழந்தார். அடுத்த ஆண்டுப் பொதுத்தேர்தலில் அதே தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது. 1924 முதல் 1929 வரை, போரில் உறுப்பிழந்தோர்க்கும் கணவரை இழந்த பெண்டிர்க்கும் உதவித்தொகை வழங்கும் ஓய்வூதியத் துறையின் நாடாளுமன்றச் செயலராக இருந்தார். முதல்தர மந்திரியாக அவர் என்றும் இருந்ததில்லை. அவருடைய அண்ணன், பதினேழாம் டெர்பிப் பிரபு, போர் மந்திரியாகவும் பாரிசில் தூதராகவும் விளங்கியவர். அவர் நிழலில் நின்ற தம்பிக்கு ஆசியாவில் ஓர் அரியணை கிடைத்தது. 1929ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் அவர் சென்னை மாகாணத்தின் ஆளுநராகப் பொறுப்பேற்றார்.

இரட்டையாட்சியும் உப்பும்

அப்போது மாகாணத்தில் இரட்டையாட்சி நடந்து வந்தது. 1919ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்வி, மருத்துவம், உள்ளாட்சி முதலிய துறைகள் சட்டமன்றத்துக்குப் பொறுப்பான இந்திய அமைச்சர்களிடம் விடப்பட்டன. காவல், சட்டம் ஒழுங்கு, நிதி, நீர்ப்பாசனம் முதலியன ஆளுநரும் அவருடைய நிர்வாகக் குழுவும் கையாளும் ஒதுக்கப்பட்ட துறைகள். ஸ்டான்லியின் காலத்தில் டாக்டர் சுப்பராயன், முனுசாமி நாயுடு, பொப்பிலி அரசர் ஆகியோர் அடுத்தடுத்து முதலமைச்சர்களாக இருந்தனர். எனினும் காவல்துறையின் தடி எவர் கட்டளைக்குப் பணிந்தது என்பதில் ஐயம் இல்லை.

அவர் வந்து ஐந்து திங்கள் ஆவதற்குள் உப்புச் சத்தியாக்கிரகம் வெடித்தது. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் டாக்டர் ராஜன் இல்லத்திலிருந்து இராஜாஜி தலைமையில் தொண்டர் படை வேதாரண்யம் நோக்கி நடந்தது. நாமக்கல் கவிஞர் இயற்றிய வழிநடைப் பாடல் அவர்களோடு நடந்தது. தொண்டர்க்கு உணவோ இடமோ அளிப்பவர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை கலெக்டர் தார்ன் ஆணையிட்டார். மக்களோ சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டனர். ஏப்ரல் 30ஆம் நாள் இராஜாஜி உப்பள்ளிக் கைதானார். படைக்கு இடமளித்த சர்தார் வேதரத்தினம் பிள்ளையின் உடைமை பறிபோயிற்று. காவலர்க்குச் சவரம் செய்ய மறுத்த நாவிதர் வைரப்பன் சிறை புகுந்தார். சட்டமன்றத்தின் துணைத் தலைவராக இருந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார்.

1932ஆம் ஆண்டு இன்னும் கடுமையானது. சனவரி 11ஆம் நாள் திருப்பூர் குமரன் காவலரின் அடியால் உயிர் நீத்தார். அதே மாதம் 26ஆம் நாள், ஆளுநரின் அரசு வீற்றிருந்த புனித ஜார்ஜ் கோட்டையின் கொடிமரத்தில் ஆர்யா பாஷ்யம் மூவண்ணக் கொடியை ஏற்றினார். சென்னைக் கடைத்தெருக்களில் அந்நியத் துணி மறியல் நடந்தது. மறியலை நோக்கி நின்ற கதராடை அணிந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் பாரஸ்டர் பேட்டன் காவலரால் அடிபட்டார். அச்செய்தி காமன்ஸ் சபையிலே கேள்வியாக எழுந்தது. பிரஸ்டன் ஆலைகளின் முன்னாள் பிரதிநிதி ஆளும் நகரில், அவ்வாலைத் துணியை வாங்காதீர் என்றவர்மீது தடி விழுந்ததை வரலாற்றின் விந்தை என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிட இயலாது. அந்த ஆட்சி எந்த நூலால் நெய்யப்பட்டது என்பதை அது காட்டிவிட்டது. 1933ஆம் ஆண்டு இறுதியில் ‘குடிஅரசு’ தலையங்கத்துக்காகப் பெரியாரும் அவர் தங்கை கண்ணம்மாளும் அரசத் துரோக வழக்கைச் சந்தித்துச் சிறை சென்றதும் இவ்வாட்சியிலேதான்.

தாம்பரத்துக்கு வந்த மின்சாரம்

இத்தனைக்கும் நடுவே, 1931ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையிலான மின்சார இருப்புப்பாதையை ஆளுநர் ஸ்டான்லி தொடங்கி வைத்தார். மே 11ஆம் நாள் முதல் பொதுமக்கள் பயணம் செய்யலாயினர். ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளம், மீட்டர் பாதை, 1500 வோல்ட் நேர்மின்சாரம். பம்பாயில் 1925ஆம் ஆண்டிலேயே மின்தொடர் ஓடத் தொடங்கியிருந்தாலும், அது அகலப்பாதை. மீட்டர் பாதையில் மின்வண்டி ஓடியது இந்தியாவிலேயே இதுதான் முதன்முறை; தென்னாட்டுக்கு மின்தொடர் வண்டியே புதுமை.

அதற்கு முன்பும் இப்பாதையில் நீராவி வண்டிகள் ஓடின. ஆயினும் நெடுந்தொலைவு வண்டியை எதிர்பார்த்து வாழ்வது வேறு. குறித்த இடைவெளியில் வந்துகொண்டே இருக்கும் வண்டியை நம்பி வீடு கட்டுவது வேறு. மாம்பலத்துப் பெரிய ஏரியின் நிலத்தில் 1920களில் தியாகராய நகர் உருவாகிக்கொண்டிருந்தது. கோடம்பாக்கமும் சைதாப்பேட்டையும் நகரோடு நெருங்கின. கிண்டியில் ஆளுநர்களின் தோட்ட மாளிகை, பரங்கிமலையில் படைமுகாம், பல்லாவரத்தை அடுத்துக் குரோம் தோல் தொழிற்சாலை. அத்தொழிற்சாலையின் பெயரே குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயராயிற்று. அதற்கும் தெற்கே, தூய காற்றை நாடி டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928ஆம் ஆண்டில் நிறுவிய காசநோய் மருத்துவமனை. அந்நோயில்லம் நின்ற இடம் தாம்பரம் சானடோரியம் என்றே நிலையப் பெயரானது. ஆளுநரின் பெயரோ கோமகனின் பெயரோ அல்ல, தொழிற்சாலையும் நோயில்லமுமே இங்கே ஊர்களுக்குப் பெயர் தந்தன என்பது கருதத்தக்கது.

மின்தொடர் வந்த ஆறாண்டுகளில், 1937ஆம் ஆண்டு, நகரின் நடுவே நூறாண்டு வளர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி சேலையூர்க் காட்டுக்குப் பெயர்ந்து வந்தது. நகரிலிருந்து மாணவரையும் ஆசிரியரையும் நாள்தோறும் கொண்டுவரும் வண்டி இல்லாதிருப்பின், அக்காட்டில் கல்லூரி வேரூன்றுவது எளிதாக இருந்திராது. 1938ஆம் ஆண்டு இறுதியில் உலகத் திருச்சபைகளின் பேராளர்கள் கூடிய மாநாடு அவ்வளாகத்தில் நடந்து, தாம்பரம் என்னும் பெயர் உலக நூல்களில் ஏறியது. சென்னை அலுவலகத்தில் எழுத்தராகவும், மாலையில் இலக்கியக் கூட்டத்தில் கவிஞராகவும் வாழும் இரட்டை வாழ்வு புறநகர்வாசிக்கு வாய்த்ததும் இவ்வண்டியால்தான். மாலைக் கூட்டம் முடிந்து வீடு திரும்ப வண்டி உண்டு என்னும் உறுதி இல்லையேல் புறநகரில் இலக்கிய அமைப்பு ஏது?

ஆனால் இவ்வண்டி ஸ்டான்லியின் கொடையா? அன்று, இருப்புப்பாதை தென்னிந்திய இரயில்வே கம்பெனியினுடையது. லண்டனில் இயக்குநர் அவையையும் திருச்சிராப்பள்ளியில் தலைமையகத்தையும் கொண்ட நிறுவனம் அது. திட்டம் அவர் வருகைக்கு முன்பே வகுக்கப்பட்டுப் பணியும் தொடங்கியிருந்தது. ஆளுநர் செய்தது, நிறைவுற்ற பணியை விழாவெடுத்துத் தொடங்கியது மட்டுமே. வெண்கோல் ஏந்திய கைக்குப் பழகிய பணி அது.

மேட்டூரும் கஞ்சித்தொட்டியும்

மேட்டூரின் கதையும் இதுவே. காவிரிக்குக் குறுக்கே பேரணை என்னும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோன்றியது. பொறியாளர் எல்லிஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு வடிவம் கொடுத்தார். மேட்டூரின் உபரிநீர்ப் போக்கி அவர் பெயரால் இன்றும் வழங்குகிறது. மைசூரோடு நீடித்த வழக்கு 1924ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் முடிந்தது. சர் சி. பி. இராமசுவாமி ஐயர் நிர்வாகக் குழுவில் இருந்து திட்டத்துக்காக முயன்றார். 1925ஆம் ஆண்டில், கோஷன் பிரபு ஆளுநராக இருந்தபோது, கட்டுமானம் தொடங்கியது. ஒன்பதாண்டு உழைப்புக்குப் பின் 120 அடி நீர்மட்டமும் 93.47 டி.எம்.சி. கொள்ளளவும் உடைய தேக்கம் எழுந்தது.

அது நிறைவேறிய 1934ஆம் ஆண்டே ஸ்டான்லியின் வாழ்வின் உச்சமும் ஆயிற்று. வைசிராய் வில்லிங்டன் விடுப்பில் சென்றபோது, மே முதல் ஆகஸ்டு வரை இந்தியாவின் பொறுப்பு வைசிராயாக ஸ்டான்லி அமர்ந்தார். வில்லிங்டனும் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்குப் பணிவிடைப் பிரபுவாக இருந்து, பின் சென்னை ஆளுநராகவும் இருந்தவர். அரசவையிலிருந்து ஆசிய அரியணைக்கு வரும் வழி நன்கு பதிந்த தடம் என்பது இதனால் விளங்கும். ஸ்டான்லி அவ்விடத்தில் அமர்ந்த காலத்தில் சென்னையின் பொறுப்பு ஆளுநராக முகம்மது உஸ்மான் விளங்கினார். சென்னை மாகாண ஆளுநர் இருக்கையில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. திரும்பி வந்த ஸ்டான்லி, ஆகஸ்டு 21ஆம் நாள் மேட்டூர் அணையைத் திறந்து வைத்தார். நீர்த்தேக்கம் அவர் பெயரைப் பெற்றது. நவம்பரில் அவர் பதவிக்காலம் முடிந்து கப்பலேறினார்.

நீரில் மூழ்கிய ஊர்களின் பெயர்களை அவ்விழா நினைத்ததா? கோடையில் நீர்மட்டம் தாழும்போது பண்ணவாடிப் பரிசல்துறை அருகே பழைய கோயிலின் நந்தியும் தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தலைகாட்டுகின்றன. தேக்கத்தின் அடியில் இருந்த வாழ்வுக்கு அவையே சாட்சி. மறுபுறம், தேக்கிய நீரால் தஞ்சைச் சமவெளியின் குறுவையும் சம்பாவும் உறுதிப்பட்டன என்பதையும் மறத்தல் நன்றன்று. வளமும் இழப்பும் ஒரே மதகின் வழியே வந்தன.

இராயபுரத்து மருத்துவமனைக்கு மக்கள் வழங்கிய பெயர் கஞ்சித்தொட்டி. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பஞ்சத்தால் நலிந்து வந்தவர்க்கு மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றிய நினைவு அப்பெயரில் தங்கியிருந்தது. சத்திரம் மருத்துவமனையாகி, மருத்துவப் பள்ளியும் வளர்ந்தது. ஸ்டான்லியின் ஆட்சிக்காலத்தில் அங்கு ஐந்தாண்டு மருத்துவப் பட்டயப் படிப்பு தொடங்கியது. பள்ளி அவர் பெயரை ஏற்று, 1938ஆம் ஆண்டில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆயிற்று. மருத்துவமோ இந்திய அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த துறை. கஞ்சி ஊற்றியவர் பெயரும் அதில் இல்லை; படிப்பைத் திட்டமிட்டவர் பெயரும் இல்லை.

இவற்றையெல்லாம் ஒருங்கு நோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. ஸ்டான்லியின் பெயரைத் தாங்கியவை பெரும்பாலும் பிறர் செய்தவை. அவருடைய நேரடி ஆணைக்கு உட்பட்டிருந்த காவலும் சிறையுமோ அவர் பெயரைத் தாங்கவில்லை. வேதாரண்யத்து நிகழ்ச்சிகளைத் தார்னின் பெயரோடு சேர்த்து நினைக்கிறோம். திருப்பூரைக் குமரனின் பெயரோடு நினைக்கிறோம். அவ்விரண்டுக்கும் மேலே, கோட்டையில் இருந்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. அவரைத் தனிப்பட்ட முறையில் கொடியவர் என்று சொல்லச் சான்று தேடுவதும் வீண். செங்கோல், கொடுங்கோல் என்று இரண்டாகப் பிரித்தே நம் இலக்கியம் அரசைப் பேசியது. தான் வகுக்காத ஆட்சியின் ஆணைகளை நிறைவேற்றிவிட்டு, தான் தொடங்காத நற்பணிகளின் புகழைப் பெற்றுச் செல்லும் வெண்கோலுக்கு அங்கே இடமில்லை. பேரரசு பெரிதும் இத்தகையோரைக் கொண்டே நடந்தது.

அதே ஐந்தாண்டுகளில்

ஆளுநரின் பெயர் கல்லில் பொறிக்கப்பட்ட அதே ஐந்தாண்டுகளில் தமிழ் என்ன செய்துகொண்டிருந்தது என்பதும் எண்ணத்தக்கது. 1930ஆம் ஆண்டில் ‘சுதந்திரச் சங்கு’ காலணா விலையில் சென்னைத் தெருக்களில் முழங்கியது. 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் ‘காளிதாஸ்’ திரையில் தமிழ் பேசியது. 1933ஆம் ஆண்டு செப்டம்பரில் கே. சீனிவாசன், வ. ரா., டி. எஸ். சொக்கலிங்கம் ஆகியோர் முயற்சியில் ‘மணிக்கொடி’ பிறந்தது. 1934ஆம் ஆண்டில் அவ்விதழில் வெளிவந்த ந. பிச்சமூர்த்தியின் ‘காதல்’ தமிழ்ப் புதுக்கவிதையின் தொடக்கமாகப் போற்றப்படுகிறது. மேட்டூர் மதகு திறந்த ஆண்டும் புதுக்கவிதையின் மதகு திறந்த ஆண்டும் ஒன்றே. முன்னதற்கு ஆளுநர் வந்து திறக்க வேண்டியிருந்தது. பின்னதைத் திறக்க எவர் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை.

நாடு திரும்பிய ஸ்டான்லி நெடுநாள் வாழவில்லை. 1938ஆம் ஆண்டு சூலை முதல் நாள் தம் அறுபத்தைந்தாம் வயதில் காலமானார். அவருக்கு மகன் இல்லை; ஒரே மகள். பட்டமும் அண்ணன் வழியிலேயே சென்றது. லங்காஷயரிலும் அவரை நினைப்பவர் அரியர். பல்லாயிரம் கல் தொலைவில், அவர் மொழியறியாத மக்களின் நாவில்தான் அவர் பெயர் வாழ்கிறது. அங்கும் அது ஒரு மனிதரின் பெயராக அன்றி, “ஸ்டான்லியில் சேர்த்திருக்கிறோம்” என்று கவலையோடும் நம்பிக்கையோடும் சொல்லப்படும் ஓர் இடத்தின் பெயராக மட்டுமே வாழ்கிறது. நீர்த்தேக்கத்தை மேட்டூர் என்றே மக்கள் அழைக்கின்றனர்.

அவர் தொடங்கி வைத்த மீட்டர் பாதை மின்தொடரும் 2004ஆம் ஆண்டில் தன் ஓட்டத்தை முடித்துக்கொண்டது. அகலப்பாதை அதன் இடத்தை ஏற்றது. அவ்வழியின் தென்கோடியில் ஊராக இருந்த தாம்பரம் 1964ஆம் ஆண்டில் நகராட்சியாகி, 2021ஆம் ஆண்டில் பல்லாவரத்தையும் குரோம்பேட்டையையும் தன்னுள் கொண்ட மாநகராட்சியாக வளர்ந்தது. இவ்வளர்ச்சிக்கு நன்றி கூறப் பெயர் தேடினால், தொடக்கவிழாக் கல்வெட்டில் கிடைக்கும் பெயர் போதாது. தண்டவாளத்துக்குச் சல்லி கொட்டியோர், கம்பம் நட்டுக் கம்பி இழுத்தோர், முதல் வண்டிகளை ஓட்டியோர், அவ்வண்டியை நம்பி மனை வாங்கிக் கிணறு தோண்டியோர் ஆகியோரின் பெயர்கள் இன்னும் தொகுக்கப்படவில்லை. வட்டார வரலாற்றில் ஆர்வமுடைய இலக்கிய அமைப்புகள் செய்யத்தக்க பணி அது. குடபுலவியனாரின் அளவுகோலைச் சரியாகப் பயன்படுத்துவதெனில், மதகைத் திறந்தவரோடு நில்லாமல், மண் சுமந்தவர் வரை அதை நீட்ட வேண்டும்.